தாத்தா வாசனையில் ஒரு செடி!

“அண்ணா, லாவெண்டர் இருக்கா?”

நர்சரி அண்ணன் என்னை ஒரு தினுசா பார்த்தார். “லாவெண்டர் கலர்ல பூவா, இல்ல லாவெண்டர் செடியா?”

அவர் கேட்டதிலும் தப்பில்லை பாஸ். நம்ம ஊரில் லாவெண்டர் என்றால் சுடிதார் கலர், தரை துடைக்கிற பாட்டில், ஊதுபத்தி பாக்கெட். செடியாக அதைத் தேடி வருகிறவர்கள் எத்தனை பேர் இருப்பாங்க? “செடிதாண்ணா” என்றேன். “எதுக்கும்மா?” என்றார். எங்க பாட்டிக்கு தாத்தா வாசனை வேணுமாம்னு சொன்னால் என்ன நினைப்பாரோ... சும்மா சிரிச்சு வெச்சேன்.

உங்ககிட்ட சொல்லலாம். கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

எங்க வீடு கோட்டூர்புரம் ஹவுஸிங் போர்டு குடியிருப்பு. தாத்தா பல்லவன் பஸ் கண்டக்டர், அடையாறு டிப்போ. முதல் ட்ரிப் வண்டி அவருக்கு. அதனால் பாட்டி விடிகாலை மூணரைக்கு எழுந்து காபி போடணும். நாலேகாலுக்கெல்லாம் தாத்தா சைக்கிளை எடுத்துடுவார். ரிட்டையர் ஆகி வருஷக்கணக்கா ஆன பிறகும் அந்த மூணரை மட்டும் ரிட்டையர் ஆகலை. ரெண்டு பேரும் எழுந்து, யாருக்கும் தெரியாமல் இருட்டில் காபி குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. 2023 ஆகஸ்ட்டில், நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்த அதே மாசம், தாத்தா போயிட்டார். பாட்டி இன்னமும் மூணரைக்கு எழுந்துக்கறாங்க. காபி போடறதில்லை. சும்மா உக்காந்திருப்பாங்க.

அப்போ பீரோவைத் திறக்கிற சத்தம் ஒண்ணு கேக்கும்.

உள்ளே ஒரு ஊதா டப்பா. லாவெண்டர் பவுடர். தாத்தாவோட டிப்போ ஃப்ரெண்டின் பையன் சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் ஒண்ணு வாங்கிட்டு வருவாராம். நாள் முழுக்க கூட்டத்தில் நசுங்கி வர்ற மனுஷனுக்கு அது ஒரு ராஜ மரியாதை! கல்யாணம், காதுகுத்து, என் ஸ்கூல் ஆண்டு விழா... தாத்தா வேட்டி கட்டிக் கழுத்தில் வெள்ளையா பவுடரோடு வந்தால், வீடே அந்த வாசனையில் இருக்கும். இப்போ டப்பாவில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். பாட்டி அதைப் போட்டுக்கறதில்லை. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்துட்டு, மூடிடுவாங்க. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் குறையுதேன்னு ஒரு பயம் வேற.

“அதே பவுடர் கடையில கிடைக்குமே?” என்று கேக்கறீங்களா? நானும் அறிவாளியா அதைத்தான் முதலில் செஞ்சேன். லாவெண்டர்னு எழுதியிருந்த ஒரு புது டப்பா. பாட்டி மோந்து பார்த்துட்டு, “இது கடை வாசனைடி பாப்பா” என்று திருப்பிக் கொடுத்துட்டாங்க. அம்மா இப்போ அதை கேரம் போர்டுக்குப் போடறாங்க.

2024 ஜனவரி 26. டி.வி.யில் டெல்லி அணிவகுப்பு ஓடிக்கிட்டு இருக்கு. சி.எஸ்.ஐ.ஆர். ஊர்தி வருது, அது முழுக்க ஊதாப் பூ. லாவெண்டர் விவசாயம்னு விளக்கம் சொல்றாங்க. கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த பாட்டி சட்டுனு நிமிர்ந்து, “லாவெண்டர்னா செடியா? நான் ஏதோ கம்பெனி பேருன்னுல்ல நெனச்சேன்!” என்றாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, “நம்ம வீட்ல வருமா அது?”

அதுவரைக்கும் தாத்தா போனதுக்கு அப்புறம் பாட்டி எதையும் கேட்டதே இல்லை. மாத்திரை தீர்ந்துபோனால்கூட சொல்ல மாட்டாங்க. அதனால்தான் நான் அன்னிக்கு, எதுவும் தெரியாமலே, “வரும் பாட்டி, ஈஸி!” என்று வாக்குக் கொடுத்துட்டேன்.

ஈஸியா? மவனே... அதுக்கப்புறம்தான் படிச்சேன். அந்த ஊர்தியில் வந்தது ஜம்மு-காஷ்மீரில் தோடா மாவட்டத்தில் இருக்கிற பதர்வா பக்கத்து விவசாயம். சுமார் 1,600 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனி விழுகிற இடம். மக்காச்சோளம் போட்டுக்கிட்டு இருந்த விவசாயிகளுக்கு, ‘அரோமா மிஷன்’ என்ற திட்டத்தில் ஜம்முவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனம் லாவெண்டர் நாற்று கொடுத்து, எண்ணெய் வடிக்கவும் கத்துக்கொடுத்திருக்கு. 2022-ல் அங்கே லாவெண்டர் திருவிழாவே நடந்தது. ஃப்ரான்ஸ் நாட்டு கதையும் இதேதான். ‘ஓத் ப்ரொவான்ஸ்’ லாவெண்டர் எண்ணெய்னு முத்திரை குத்தணும்னா, செடி 800 மீட்டருக்கு மேலே வளர்ந்திருக்கணும். கோட்டூர்புரம் எத்தனை மீட்டர்? அடையாறு ஆத்தங்கரையில, கடலுக்கு நாலு கிலோமீட்டர் தூரத்தில இருக்கோம். மொட்டை மாடி தண்ணி டேங்க் மேல ஏறி நின்னாலும் தேறாது!

சரி, வாக்குக் கொடுத்தாச்சே. நர்சரிக்குப் போனேன். முதல் பாராவில் பார்த்தீங்களே, அந்த அண்ணன் ஒரு செடி எடுத்துக் கொடுத்தார். பெங்களூரு பக்கமிருந்து வந்ததாம். இலை சாம்பல் பூத்த பச்சை, ஓரத்தில் ரம்பம் மாதிரி பல் பல்லா இருந்தது. பாட்டி ஒரு இலையைக் கிள்ளி மோந்தாங்க. மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே! “ஏண்டி, இது நீலகிரி தைலம்டி!”

கரெக்ட். பாட்டி மூக்கு லேப் கருவி மாதிரி! லாவெண்டர்னு ஒரே செடி கிடையாது. பவுடரிலும் சோப்பிலும் வர்ற அந்த மெல்லிசான வாசனை ‘லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா’ என்ற இனத்தோடது. அதோட இலை ஓரம் வழவழன்னு இருக்கும். ரம்பப் பல்லு இருந்தால் அது ‘டென்டேட்டா’. இதில் சினியோல்னு ஒரு பொருள் அதிகம். நீலகிரி தைலத்தில் மூக்கைத் துளைக்கிறதும் அதே சினியோல்தான். ஆனா டென்டேட்டா நம்ம ஊர் புழுக்கத்தைக் கொஞ்சம் அதிகமாத் தாங்கும். அதனால் பழகட்டும்னு பால்கனியில் வெச்சேன்.

ரெண்டே மாசம். ஏப்ரலில் இலையெல்லாம் தொங்கிப்போச்சு. வாடுதேன்னு தண்ணி ஊத்தினேன். இன்னும் தொங்குச்சு. இன்னும் ஊத்தினேன். பிடுங்கிப் பார்த்தா வேர் கறுப்பா, கொழகொழன்னு. மத்தியதரைக் கடல் ஓரத்தில் கல்லும் சுண்ணாம்பும் கலந்த காய்ஞ்ச சரிவில் வளர்ந்த பரம்பரை அது. அதுக்கு வேர் ஈரமாவே கிடந்தால் மூச்சு முட்டும். வேர் அழுகினால் தண்ணியை உறிஞ்ச முடியாது. உறிஞ்ச முடியாட்டி செடி வாடும். பார்க்கிறவங்களுக்குத் தாகம் மாதிரி தெரியும். நாம இன்னும் ஊத்துவோம். லாவெண்டர் சாகறதே இப்படித்தான்.

ஆனா ஒரு கணக்கு இடிச்சது. நான் ஊத்தினது வாரத்துக்கு மூணு நாள். தொட்டியோ எப்பவும் சொதசொதன்னு இருந்தது. அம்மாதான் போட்டுக்கொடுத்தாங்க: “உங்க பாட்டி தினமும் விடிகாலையில ஒரு சொம்பு ஊத்தறாங்கடி.”

எனக்கு செம கோபம். போய்க் கத்தினேன். அது இப்பவும் உறுத்துது. பாட்டி திரும்பிக்கூட பேசலை. “உங்க தாத்தா தெனமும் ஊத்துவாரே” என்று மட்டும் சொன்னாங்க.

தாத்தாவுக்கு ஒரு தோட்டம் இருந்தது. அப்போ நாங்க தரைத்தளம். ஜன்னலுக்கு வெளியே நாலடி மண்ணில் செம்பருத்தி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, துளசி, ஒரு முருங்கை. டிப்போவுக்குக் கிளம்பும் முன்னாடி, காபி ஆறுகிற நேரத்தில், தண்ணி ஊத்திட்டுத்தான் போவார். 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி, செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்துவிட்ட அந்த ராத்திரி, ஆறு எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு. எனக்குப் பத்து வயசு. மாடி வீட்டு ஆன்ட்டி வீட்டில் எல்லோரும் குவிஞ்சு உக்காந்திருந்தோம். தண்ணி வடிஞ்சு கீழே வந்து பார்த்தா, தோட்டம் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு சேறு. அதே பிளாக்கில் ரெண்டாவது மாடிக்கு வாடகைக்கு ஏறினோம். தாத்தா அதுக்கப்புறம் ஒரு துளசித் தொட்டியோடு நிறுத்திக்கிட்டார். ஆனா வெள்ளத்தில் போகாமல் வந்த பொருட்கள் சிலது உண்டு. பாட்டி கையில் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறின பையில் ரேஷன் கார்டு, ரெண்டு வளையல், அந்த ஊதா டப்பா. அப்போ அது புதுசு.

இதெல்லாம் தெரிஞ்ச நான்தான் ஒரு சொம்பு தண்ணிக்குக் கத்தினேன்.

அடுத்த முயற்சி, விதை. ஒரிஜினல் அங்குஸ்டிஃபோலியா விதை பாக்கெட் ஆன்லைனில் வாங்கினேன். குளிர்காலம் முடிஞ்சு வசந்தம் வந்துடுச்சுன்னு நம்பினால்தான் இந்த விதை சரியா முளைக்குமாம். அதனால் ஈர மணலில் கலந்து டப்பாவில் போட்டு, ஒரு மாசம் ஃப்ரிட்ஜில் வெச்சேன். பக்கத்தில் இட்லி மாவு. ‘காஷ்மீர் குளிர்காலம் - தொடாதீர்கள்!’னு லேபிள் வேற. நாற்பது விதையில் முளைச்சது மூணு. அதுவும் 2024 அக்டோபர் மழையில் தண்டு அழுகி, ஒண்ணு பின்னாடி ஒண்ணா சாய்ஞ்சிடுச்சு. பாட்டி தொடவே இல்லை இந்தத் தடவை. அதுதான் கஷ்டமா இருந்தது.

வீட்டிலிருந்து நடந்தே போற தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். செமஸ்டருக்குப் படிக்கப் போறேன்னு சொல்லிட்டு அங்கே செடி புஸ்தகமா படிச்சேன். சுவாரஸ்யமான விஷயங்கள் கிடைச்சது. லாவெண்டர், துளசி, புதினா, கற்பூரவல்லி, தும்பை எல்லாம் ஒரே குடும்பம். இளந்தண்டை விரலில் உருட்டிப் பாருங்க, வட்டமா இருக்காது, சதுரமா இருக்கும். நம்ம தக்காணத்திலேயே ‘லாவண்டுலா பைபின்னேட்டா’னு ஒரு காட்டு லாவெண்டர் சொந்தமா இருக்கு. ஆனா என் மண்டையில் பல்பு எரிஞ்சது வேற ஒரு வரியில். லாவெண்டர் வாசனைக்கு முக்கியமான காரணம் ரெண்டு பொருள், லினலூலும் லினலைல் அசிடேட்டும். இந்த லினலூல் இன்னொரு விதையின் எண்ணெயில் சுமார் மூணில் ரெண்டு பங்கு இருக்கு. என்ன விதை தெரியுமா?

தனியா! கொத்தமல்லி விதை!

அட, ரசப்பொடி டப்பாவில் இருக்கா தாத்தா வாசனை? அஞ்சாவது செமஸ்டர் மாஸ் டிரான்ஸ்ஃபர் லேபில் ஸ்டீம் டிஸ்டிலேஷன் ஒரு எக்ஸ்பெரிமென்ட். மேடம்கிட்ட கெஞ்சி, லேப் அண்ணாவுக்கு டீ வாங்கிக்கொடுத்து, கிளாஸ் முடிஞ்ச பிறகு அரை கிலோ தனியாவை ஒண்ணிரண்டா இடிச்சுப் போட்டேன். லினலூல் தனியா கொதிக்கணும்னா 198 டிகிரி வேணும். அந்தச் சூட்டில் விதை கருகிடும். ஆனா நீராவியோடு சேர்த்துவிட்டால் நூறு டிகிரிக்குள்ளேயே கிளம்பி வந்துடும். தண்ணியோட ஆவி அழுத்தமும் எண்ணெயோட ஆவி அழுத்தமும் சேர்ந்து வெளிக்காத்து அழுத்தத்தைத் தொட்டால் போதும், கலவை கொதிச்சிடும். பதர்வாவில் பூவைக் குவிச்சுப் போட்டு எண்ணெய் எடுக்கிறதும் இதே வித்தைதான். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினப்போ ஏறாத விஷயம், அன்னிக்குக் கண்ணாடிக் குழாயில் எண்ணெய் மிதந்து வந்தப்போ நச்சுனு புரிஞ்சது. மொத்தம் ரெண்டு மில்லி வந்திருக்கும்.

பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, சின்ன பாட்டிலில் அடைச்சு, எங்கேயும் நிக்காமல் வீட்டுக்கு ஓடினேன். பாட்டி கண்ணை மூடிக்கிட்டு மோந்தாங்க. ரொம்ப நேரம். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாங்க. “என்னமோ தெரிஞ்ச வாசனை. பக்கத்துல பக்கத்துல வருது. ஆனா அவரு இல்லைடி.”

புஸ்தகத்தை மறுபடி எடுத்தேன். பாட்டி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி! லினலூலில் ரெண்டு வடிவம் இருக்கு. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே கொதிநிலை. ஆனா ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பம். வலது கையும் இடது கையும் மாதிரி. லாவெண்டரில் பெரும்பாலும் ஒரு கை, தனியாவில் பெரும்பாலும் மறு கை. நம்ம மூக்கு ரெண்டையும் பிரிச்சுக் கண்டுபிடிச்சுடும். அதோட அந்த லினலைல் அசிடேட் தனியாவில் பேருக்குத்தான் இருக்கும். நான் லேபில் வடிச்சு எடுத்துட்டு வந்தது தாத்தாவோட கண்ணாடி பிம்பம். இதை பாட்டிகிட்ட கையைக் காட்டி விளக்கினேன். “அப்போ எம் மூக்கு நல்லாத்தான் இருக்குன்ற” என்று சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பை எங்க வீட்டில் பார்த்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது.

மூணாவது செடி வந்த கதை சிம்பிள். ஹாஸ்டலில் இருக்கிற என் கிளாஸ்மேட்டுக்கு ஊர் குன்னூர். அவங்க வீட்டு வாசலில் அங்குஸ்டிஃபோலியா புதர் மாதிரி இருக்காம். இத்தனை நாள் வாயைத் திறக்கலை பாருங்க! “நீ கேக்கவே இல்லையேடி” என்கிறாள். போன டிசம்பரில், வேர் பிடிச்ச ஒரு பதியனை ஈரப் பேப்பரில் சுத்தி எடுத்துட்டு வந்தாள்.

இந்தத் தடவை பாட்டியைப் பார்ட்னரா சேர்த்துக்கிட்டேன். பிளாஸ்டிக் வேண்டாம், மண் தொட்டி. பாதிக்குப் பாதி மணல், உடைச்ச செங்கல் துண்டு, கொஞ்சம் தோட்ட மண். லாவெண்டருக்குப் புளிப்பு மண் ஆகாதுன்னு சொன்னதும், பாட்டி தன் வெத்தலைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை சுண்ணாம்பை எடுத்துக் கரைச்சு ஊத்தினாங்க. வெயில் விழுகிற, காத்து ஓடுகிற மூலை. விரலை ரெண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தால் மட்டும் தண்ணி. “தண்ணி ஊத்தக் கூடாதுன்னா அது என்னடி செடி?” என்று முதல் வாரம் முழுக்க சண்டை. இப்போ எனக்கே ரூல்ஸ் சொல்றாங்க. “விரலை விட்டுப் பார்த்தியா? பார்க்காம ஊத்தாதே!”

மார்கழி, தை ரெண்டும் நல்லபடியாப் போச்சு. ராத்திரியில் இருபது, இருபத்தொண்ணு டிகிரி. செடி ஒரு சாண் உயரம் வந்திருக்கு. பூ இன்னும் இல்லை. இலையைத் தேய்ச்சால் மட்டும் வாசனை. போன வாரம் மூணரைக்கு எனக்கு முழிப்பு வந்தது. பீரோ சத்தம் இல்லை. எழுந்து பார்த்தா பாட்டி பால்கனியில். விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாங்க. ஊத்தலை. ஒரு இலையை ரெண்டு விரலில் லேசா உருட்டி, அந்த விரலை மூக்குக்கிட்ட வெச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. அப்புறம் உள்ளே வந்து படுத்துட்டாங்க. தூங்கினாங்களான்னு தெரியலை. நான் தூங்கிட்டேன்.

சிக்கல் என்னன்னா, சித்திரை வருது. மே மாசம் ராத்திரியிலேயே 27, 28 டிகிரி. மேலே கடல் காத்தோட கசகசப்பு வேற. என் செடி அதைத் தாங்காது. மறைக்காமல் பாட்டிகிட்ட சொன்னேன். குன்னூர்க்காரிதான் வழி சொன்னாள்: “சம்மருக்கு எங்க வீட்டுக்கு அனுப்பிடு. ஜூலைல திருப்பி எடுத்துக்கோ.” பணக்கார வீட்டுப் பசங்க மாதிரி எங்க வீட்டு லாவெண்டர் லீவுக்கு மலைக்குப் போகுது!

ஏப்ரல் கடைசியில் நீலகிரி எக்ஸ்பிரஸில் அவள்கூட அனுப்பறதா பிளான். அறுபது நாளுக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன் திறக்கும், அதனால் காலண்டரில் குறிச்சு வெச்சிருந்தேன். பாட்டி காலண்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்னாங்க. அவங்க வாழ்நாளில் திருப்பதியைத் தவிர ஒரு மலையும் ஏறினதில்லை. பஸ் கண்டக்டர் பொண்டாட்டியா இருந்தும்தான்!

“பாப்பா, மடியில வெச்சுப் புடிச்சுக்க ஆள் வேணாமா?” என்றாங்க.

“எதுக்கு பாட்டி?”

“தொட்டிக்குத்தாண்டி.”

ரெண்டு லோயர் பெர்த் கேட்டிருக்கேன், ஒண்ணு சீனியர் சிட்டிசன். தொட்டிக்கு டிக்கெட் வேண்டாமாம்.